எலுமிச்சை பட்டு வெளுத்த மேடை: கல் போலியா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் புது ஃபிளாட்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. சமையல் மேடைக்கு ‘பிளாக் கிரானைட்’ என்று சொல்லிக் கல் போட்டார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்த இடம், புளிக்கரைசல் சிந்திய இடமெல்லாம் வெளுத்து மங்கிவிட்டது. தேய்த்தாலும் போகவில்லை. போர் தண்ணீர் உப்பு என்கிறார் கடைக்காரர். ஆசிட் போட்டுக் கழுவச் சொல்கிறார் மேஸ்திரி. கல் போலியா? பெயர்த்து எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த ஆசிட் பாட்டிலை மேடைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் இருப்பது கிரானைட் இல்லை, பாலிஷ் போட்ட கடப்பா கல். பிளாக் கிரானைட் என்று விற்கப்படும் நல்ல கல், விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கல்லைப் போல, பெரும்பாலும் டோலரைட் என்ற கறுப்புப் பாறை. அதில் முக்கியமாக இருப்பவை ஃபெல்ட்ஸ்பார், பைராக்சின் என்ற கனிமங்கள். எலுமிச்சைச் சாறு ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் அவை பெரிதாகக் கண்டுகொள்ளாது. கடப்பாவோ சுண்ணாம்புக்கல். அதன் முக்கியக் கனிமம் கால்சைட். புளிப்பு பட்டால் கால்சைட் கரைந்து, கரியமில வாயுவாக நுரைத்துப் போகும். ஆகவே உங்கள் மேடையில் இருப்பது கறையே இல்லை, அரிப்பு. பளபளப்பே கரைந்துபோன இடத்தைத் தேய்த்து என்ன பயன்?

உறுதி செய்ய, சிங்க் வெட்டிய இடத்தில் பாலிஷ் இல்லாத விளிம்பைப் பாருங்கள். மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் டோலரைட்டில் பொடிப்பொடியாய்ப் பின்னிய மணிகள் மின்னும். கடப்பாவில் மணியே தெரியாது, மங்கலாக ஏடு ஏடாக இருக்கும். அதே விளிம்பில் கத்தி முனையால் கீறுங்கள். டோலரைட்டில் கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டும், விரலால் துடைத்தால் போய்விடும். கடப்பாவில் கல்லே கீறி வெளிர்ப்பொடி உதிரும். எண் கூடக் கூடக் கடினம் என்று காட்டும் மோஸ் அளவில் கால்சைட் 3, கத்தி சுமார் 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6. அவ்வளவுதான் ரகசியம்.

மூன்றாவது சோதனை, ஒரு சொட்டு வினிகர். நுரைத்தால் கால்சைட். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு, சென்னையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் படியும் வெள்ளை உப்பிலும் கால்சியம் கார்பனேட்தான் இருக்கிறது. குழாயடியில் வினிகர் விட்டால் அசல் டோலரைட் மேடையும் நுரைக்கும். நுரைப்பது கல் இல்லை, மேலே படிந்த படிவு. அதைப் பார்த்துவிட்டு நல்ல கல்லைப் போலி என்று கடையில் போய்ச் சண்டை போட்டவர்கள் உண்டு. நகத்தால் தடவுங்கள். படிவு மேடாக, சொரசொரப்பாக இருக்கும், அது கரைந்தபின் அடியில் பளபளப்பு அப்படியே இருக்கும். அரிப்பு பள்ளமாக, மங்கலாக இருக்கும். அதனால் குழாய்க்கு எட்டாத விளிம்பில், கழுவித் துடைத்த பிறகே சொட்டு விடுங்கள். பாலிஷ் போட்ட பக்கம் வேண்டவே வேண்டாம், இன்னொரு தழும்புதான் மிஞ்சும். உங்கள் கடைக்காரர் சொன்ன உப்புக் கதை குழாயடிக்குப் பொருந்தலாம். எலுமிச்சை பிழிந்த இடத்துக்குப் பொருந்தாது.

அடுத்து ‘நானோ கோட்டிங்’ என்று ஒருவர் வருவார். சதுர அடிக்கு இவ்வளவு என்பார், மேஸ்திரியும் தலையாட்டுவார், அதில் அவருக்கும் பங்கு இருக்கும். கல் பூச்சுகள் எண்ணெயும் தண்ணீரும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும். எலுமிச்சை மேலே கால்சைட்டை அரிப்பதை அவை நிறுத்தாது. கறுப்பு மெழுகு தேய்த்து மினுக்குவதும் அதே கதைதான். நெயில் பாலிஷ் ரிமூவரை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்துப் பாருங்கள், கறுப்பு ஒட்டினால் சாயம். ஆசிட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எலுமிச்சை அரித்ததை ஹைட்ரோகுளோரிக் அமிலம் சரிசெய்யுமாம்! மேடை முழுக்க ஒரே மாதிரி மங்கும், வித்தியாசம் தெரியாது, அந்த அர்த்தத்தில் வேண்டுமானால் சரி.

பல்லாவரம் மலையின் சார்னோகைட் பாறைக்கு 1893-லேயே பெயர் வைத்துவிட்டார் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து. அந்த ஊரில் இன்றும் கல் பில்லில் என்ன பாறை என்று ஒரு வரி இருக்காது. மிக்ஸிக்கு உத்தரவாத அட்டை கேட்டு வாங்குகிறோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கல்லுக்கு ‘ஸ்லாப்’ என்று ஒரு துண்டுச்சீட்டு.

பெயர்த்து எடுக்கத் தேவையில்லை. கடப்பா நல்ல கல்தான், எத்தனையோ வீடுகளில் பல வருடமாக உழைக்கிறது. மங்கின இடங்களைக் கல் பாலிஷ் போடுபவரை வைத்து மறுபடி மெருகேற்றலாம். மேடையின் மேல்பரப்புக்குப் பளபளப்பு இல்லாத ஃபினிஷே கேளுங்கள், தழும்பு அவ்வளவாகத் தெரியாது. புளிப்பு சிந்தினால் உடனே துடையுங்கள், பழம் நறுக்க ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ‘கிரானைட்’ என்று எழுதியிருந்தால் விலை வித்தியாசத்தைக் கேட்டுக் கடைக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வெட்டி மிஞ்சிய கல் துண்டு ஒன்று மாடியிலோ பார்க்கிங்கிலோ கிடக்கும். அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அங்கே அதுதான் உங்கள் சாட்சி.