ஈரோடு ஏன் ‘ரோடு’ ஆகுது? மெசேஜ் ரேஞ்ச் கேள்வி பதில்

மெசேஜில் எங்கிருந்து எங்கே வரை போல்டு, மென்ஷன், லிங்க் என்பதை இரண்டு எண்களாக அனுப்புகிறோம். அந்த எண்ணை எதை வைத்து எண்ணுவது என்று கொங்குப் பக்கத்தில் சாட் செயலி எழுதுகிறவர்கள் கேட்டவை இவை.

பீளமேடு: ஏனுங்ண்ணா, தமிழ் மட்டும் அனுப்புனா போல்டு சரியா விழுகுது. முன்னால ஒரு எமோஜி போட்டா ஒரு இடம் தள்ளிப் போகுதுங்க. செயலி ஜாவா, சர்வர் பைத்தான்.

ரெண்டு பேரும் வேற வேற படியில் அளக்கறாங்க. ஜாவா யூடிஎஃப்-16 அலகை, அதாவது உரையைச் சேமிக்கும் 16 பிட் துண்டை, எண்ணும். பைத்தான் (3-ஆம் பதிப்பு) கோட் பாயிண்டை, அதாவது யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்ணை, எண்ணும். ஒரு சிரிப்பு எமோஜி, ஒரு இடைவெளி, பிறகு ‘ஈரோடு’ என்று ஒரு மெசேஜை எடுத்துக்கோங்க. ஈரோடு என்பது ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகரக் குறி என 5 கோட் பாயிண்ட்; ஒவ்வொன்றும் யூடிஎஃப்-16-இல் 1 அலகு, யூடிஎஃப்-8-இல் 3 பைட். எமோஜி 1 கோட் பாயிண்ட், ஆனால் 2 அலகு, 4 பைட். எண்ணிக்கை 0-இல் தொடங்கி, முடிவு எண் சேராது என்று வைத்தால்:

கோட் பாயிண்ட்: 2 முதல் 7
யூடிஎஃப்-16: 3 முதல் 8
யூடிஎஃப்-8 பைட்: 5 முதல் 20
கண்ணுக்குத் தெரியும் எழுத்து: 2 முதல் 5

ஜாவா 3, 8 என்று அனுப்புது. பைத்தான் அதைக் கோட் பாயிண்டாகப் படித்தால் ‘ஈ’ கழன்று ‘ரோடு’ மட்டும் போல்டாகும். முடிவு எண்ணும் உரையின் நீளமான 7-ஐத் தாண்டிவிடும். எதிர்த்திசையில் 2, 7 போனால் முன்னால் இருக்கும் இடைவெளியில் ஆரம்பித்து ‘ட’வோடு நின்றுவிடும், உகரக் குறி அனாதையாகத் தொங்கும்.

வழக்கமான தமிழ்க் கோட் பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-16-இல் ஒரே அலகுதான். அதனால் தமிழை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை எட்டிக்கூடப் பார்க்காது. ஆங்கிலத்தை மட்டும் வைத்தால் பைட் பிழையும் ஒளிந்துகொள்ளும்.

திருத்தம்: ஜாவாவில் நீளத்தைக் கேட்காமல் கோட்பாயிண்ட்கவுண்ட் கேளுங்க. பைத்தானிலிருந்து யூடிஎஃப்-16 எண் வேண்டுமென்றால் உரையை யூடிஎஃப்-16-எல்ஈ ஆக என்கோடு செய்து, பைட் எண்ணிக்கையை 2-ஆல் வகுங்க. ‘எல்ஈ’யை விட்டுவிட்டால் தலையில் பைட் வரிசையைச் சொல்லும் 2 பைட் குறி ஒட்டிக்கொண்டு எல்லா எண்ணிலும் ஒன்று கூடிவிடும்.

திருப்பூர்: முடிவு எண்ணைச் சேர்க்கறதுங்களா, வேண்டாமுங்களா?

சேர்க்க வேண்டாம். முடிவில் தொடக்கத்தைக் கழித்தால் நீளம்; அடுத்தடுத்த இரண்டு ரேஞ்சுக்கு நடுவில் இடுக்கு வராது; வெற்று ரேஞ்சை 4, 4 என்று எழுதலாம். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். ப்ளூஸ்கை சமூக வலைத்தளமும் அப்படித்தான், ஆனால் யூடிஎஃப்-8 பைட் கணக்கு. டெலிகிராம் பாட் ஏபிஐ தொடக்கமும் நீளமும் கொடுக்கும், யூடிஎஃப்-16 கணக்கில். நீளம் கொடுக்கிற முறையில் இந்தச் சண்டையே எழாது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஈரோடு: நாம எழுத்தா எண்ணற மாதிரியே எண்ணிட்டா என்னங்க? ஈ, ரோ, டு, மூணுதானே?

திரையில் சரி, கம்பியில், அதாவது அனுப்பும் எண்ணில், வேண்டாம். ‘எழுத்து’ எது என்பது யூனிகோட் பதிப்பையும் நூலகத்தையும் பொறுத்து மாறும். ‘க்ஷ’ நமக்கு ஒரே எழுத்து. யூனிகோடின் இயல்பு விதிப்படி ‘க்’, ‘ஷ’ என்று இரண்டு. பழைய போனும் புதுப் போனும் வேறு வேறு எண் சொன்னால் யாரைக் குற்றம் சொல்வது? வந்த ரேஞ்ச் ஓர் எழுத்தின் நடுவில் வெட்டினால், வரையும்போது மட்டும் எழுத்து எல்லை வரை விரித்துக்கோங்க.

பொள்ளாச்சி: எல்லாரும் கோட் பாயிண்ட்தான் எண்ணறோம். அப்பவும் சில மெசேஜ்ல தப்புதுங்க.

எண்ணுகிற உரையே ரெண்டு பக்கமும் வேறாக இருக்கும். மூன்று இடத்தில் பாருங்க.

ஓகாரக் குறியை ஒரே கோட் பாயிண்டாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே, ‘ஈரோடு’ 5-க்குப் பதில் 6 ஆகிவிடும். வழியில் யாராவது நார்மலைஸ் செய்தால், அதாவது இந்த வடிவங்களை ஒரே மாதிரி ஆக்கினால், எண் கெட்டது. அனுப்பியவர் எண்ணிய உரையைத் தொடவே கூடாது. ஓரத்து வெற்றிடத்தை வெட்டுவதும் தொடுவதுதான்.

எக்ஸ்எம்எல்-இல் ‘மற்றும்’ குறி (&) ஐந்து எழுத்தாக (&) போகும், அதைப் படித்துப் பிரிக்கும் பார்ஸருக்குப் பின் ஒன்று. பார்ஸருக்குப் பின் உள்ளதை எண்ணுங்க.

விண்டோஸ் வரி முடிவு இரண்டு எழுத்து. எக்ஸ்எம்எல் பார்ஸர் அதை ஒன்றாக்கும். வரிக்கு ஒன்றாகப் பிசகு கூடிக்கொண்டே போவதாகத் தெரிந்தால் இதுதான்.

கரூர்: புதுசா விதி எழுதறோம். எந்த அலகை வெக்கறதுங்க? ரெண்டு பக்கமும் பேசி முடிவு பண்ணிக்கலாமுங்களா?

கோட் எடிட்டரும் மொழி சர்வரும் பேசிக்கொள்ளும் எல்எஸ்பி நெறிமுறையில் யூடிஎஃப்-16 இயல்பு, 3.17 பதிப்பிலிருந்து பேசி மாற்றிக்கொள்ளலாம். அங்கே எதிரெதிரே இரண்டு பேர்தான். குழு மெசேஜ் சேமித்து வைக்கப்பட்டு, நாளைக்குச் சேரப்போகிறவருக்கும் போகும், யாரோடு பேசுவீங்க? ஒரே அலகை நிலையாக எழுதிவிடுங்க. எக்ஸ்எம்பிபி என்ற சாட் நெறிமுறை என்றால் அதன் நீட்சி விதியான எக்ஸ்ஈபி-0426 ஏற்கெனவே கோட் பாயிண்ட் என்கிறது, அதையே சுட்டுங்க. ‘கேரக்டர்’ என்று மட்டும் எழுதி விடாதீங்க, அந்த ஒரு சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். மேலே உள்ள ஈரோடு மெசேஜையும் எதிர்பார்க்கும் எண்களையும் விதிக்குள்ளேயே சோதனையாகச் சேருங்க.

காங்கேயம்: தப்பான ரேஞ்ச் வந்தா?

முடிவு நீளத்தைத் தாண்டினாலோ, தொடக்கம் முடிவைவிடப் பெரிதானாலோ அந்த ரேஞ்சை மட்டும் விட்டுவிட்டு உரையைக் காட்டுங்க. எண்ணை இழுத்துப் பொருத்த வேண்டாம்; லிங்க் வேறு சொல்லில் ஒட்டிக்கொள்ளும். பதில் மெசேஜின் மேற்கோளை வெட்டி எடுப்பதாக இருந்தால், எல்லா ரேஞ்சையும் மூல உரையில் முதலில் பொருத்திவிட்டு, கடைசி ரேஞ்சில் ஆரம்பித்து உரையின் தொடக்கத்தை நோக்கி வெட்டுங்க.