கேட்டதும் கிறுக்கியதும்: சிரிப்புச் சண்டைகள்

கேள்வி: எனக்கு உயிரான ஒரு நகைச்சுவைத் தொடரை இணையத்தில் ஒருவர் ‘மொக்கை’ என்று எழுதிவிட்டார். மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். அவரை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது?

பதில்: முடியாது. பட்டவன் சொல்கிறேன். ஒரு காட்சியில் ஏன் சிரிப்பு வருகிறது என்று முகம் தெரியாத ஒருவருக்கு விளக்க, ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்தேன். கோபமாக வெளியேறுகிற ஆள் வாசல் என்று நினைத்து அலமாரிக்குள் போய்விடுவார். திரும்பி வர வெட்கம், உள்ளேயே நின்றுவிடுவார். ‘உள்ளே போனது ஜோக் இல்லை ஐயா, நிற்கிற நேரம்தான் ஜோக்’ என்று ஆறு பத்தி எழுதினேன். முடித்தபோது மணி ஒன்று. படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை. காலையில் அவர் பதில் வந்திருந்தது: “புரிந்தது. சிரிப்பு வரவில்லை.” அதில் நான் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசுகிற மெய்ப்பாட்டியல், நகை பிறக்க நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல் (கேலி), இளமை (பிள்ளைத்தனம்), பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வது). உங்கள் ஆள் எள்ளல் கட்சியாக இருப்பார். நீங்கள் அவருக்குப் பேதைமையைப் பரிமாறிக்கொண்டிருப்பீர்கள். எதற்குச் சிரிப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சண்டை நிற்காது, ஆனால் கொஞ்சம் சுவாரசியமாகும்.

கேள்வி: பின்னணிச் சிரிப்பு போடுகிற தொடர்கள் நம்மை முட்டாளாக்குகின்றன என்கிறேன். அது இல்லாவிட்டால் தூக்கம் வரும் என்கிறார் என் மைத்துனர். நீங்கள் யார் பக்கம்?

பதில்: முக்கால்வாசி உங்கள் பக்கம். ஆனால் எல்லாச் சிரிப்பும் முன்பே பதிந்துவைத்து ஒட்டுகிற டப்பாச் சிரிப்பு இல்லை. 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடரை, ஆட்களை எதிரே உட்கார வைத்துத்தான் படம்பிடித்தார்கள். அதில் கேட்பது நிஜச் சிரிப்பு. டப்பாச் சிரிப்புக்குப் பேர்போனவர் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர். 1950களில் ஒரு பெட்டி செய்தார். தட்டச்சுப் பொறி மாதிரி விசைகள். ஒன்றை அமுக்கினால் வெடிச்சிரிப்பு, இன்னொன்றுக்கு நமுட்டுச் சிரிப்பு. அதைப் பூட்டுப் போட்டுக் காபந்து பண்ணினார் மனிதர்.

இதில் எனக்குப் பிடித்த சண்டை ‘மேஷ்’ என்ற அமெரிக்கத் தொடருடையது. கொரியப் போரில் ராணுவ மருத்துவர்களின் கதை. மூன்று வருடம் நடந்த போரைப் பதினொரு வருடம் ஓட்டினார்கள், 1972 முதல் 1983 வரை. எடுத்தவர்களுக்குப் பின்னணிச் சிரிப்பே வேண்டாம். சேனலுக்கோ கட்டாயம் வேண்டும். கடைசியில் அறுவை சிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கிடையாது என்று ராசியானார்கள். வயிற்றைக் கிழித்துவைத்திருக்கும்போது யார் சிரிப்பது? பிரிட்டனில் பிபிசி சிரிப்பை மொத்தமாக எடுத்துவிட்டே ஒளிபரப்பியது. ஒரே தொடர், இரண்டு நாட்டில் இரண்டு விதமாகக் கேட்டது.

மைத்துனர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. சிரிப்பை வெட்டியெடுத்த ஒரு காட்சியைப் பார்த்தேன். நடிகர் வசனத்தைச் சொல்லிவிட்டுப் புருவத்தைத் தூக்குகிறார். கோப்பையை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல் திரும்ப வைக்கிறார். எதிரே இருப்பவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நாலு விநாடி. சிரிப்புக்காக விட்ட இடம் அது. சிரிப்பு போனதும் அந்த ஆள் ஏதோ நோயாளி மாதிரி தெரிகிறார். சிரிப்பை நம்பி எடுத்ததில் அதை உருவக் கூடாது, நம்பாமல் எடுத்ததில் திணிக்கக் கூடாது. மைத்துனரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ‘இந்த ஜோக் புண்படுத்துகிறது’ என்றால், ‘ஜோக்தானே, விடுங்கள்’ என்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: அதே தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களில் பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரைகாரர், எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது இன்னொன்று. ‘விடுங்கள்’ என்கிறவர் இரண்டாவதில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய அபிமான நடிகரை லேசாகச் சீண்டினாலே போதும்.

கேள்வி: அந்தக் காலத்து டிவி நகைச்சுவை மாதிரி இப்போது ஏன் இல்லை?

பதில்: அந்தக் காலத்துக் குப்பையை நாம் மறந்துவிட்டதால்தான். நல்ல பத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, இன்று வருகிற நூறோடு ஒப்பிடுகிறோம். அப்புறம், நிறைய பழசு இப்போது இல்லவே இல்லை. 1960, 70களில் வீடியோ நாடா விலை அதிகம் என்று பிபிசியே பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிந்தது. நகைச்சுவைத் தொடர்களும் அதில் போயின. அழிந்துபோன ஒன்றைப் புகழ்கிறவரை மட்டும் யாராலும் ஜெயிக்க முடியாது.

நானும் அந்த ரகமாக இருந்தவன்தான். சின்ன வயதில் பார்த்த ஒரு தொடரைப் பத்து வருடம் எல்லோரிடமும் புகழ்ந்தேன். போன வருடம் அது முழுசாகக் கிடைத்தது. இரண்டு பாகம் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நிறுத்திவிட்டேன்.