கர்ப்பப்பையை எடுத்தால் இரவு வியர்வை நிற்குமா?

கேள்வி: எனக்கு 48 வயது, மன்னார்குடி அருகே வசிக்கிறேன். எட்டு மாதமாகத் தூரம் வரவில்லை. இரவில் ஐந்தாறு முறை உடம்பு தகித்து, புடவை நனைய வேர்க்கிறது, தூக்கமே இல்லை. சம்பா நடவுக்குப் போனால் நெஞ்சு படபடக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் நாத்தனார். எடுத்துவிடலாமா?

பதில்: இதற்காக எடுக்க வேண்டாம். உங்கள் வேதனைக்குக் காரணம் கர்ப்பப்பை அல்ல. மாதவிடாய் நிற்கப்போகும் இந்த வயதில், சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ், சிறிதளவு வெப்பம் கூடினாலும் அதைப் பெருஞ்சூடாக எடுத்துக்கொண்டு, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைப் பெருக்கி உடலைக் குளிர்விக்க முனைகிறது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் இது நிற்காது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தாலோ, மெல்லக் குறைந்துவரும் ஹார்மோன் ஒரேயடியாக அற்று, தொல்லை கடுமையாகவே வாய்ப்புண்டு. 'பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு அந்தப் பை' என்ற பேச்சு நம் பக்கத்தில் சற்று அதிகம்தான்.

முதலில் தைராய்டு, இரத்தசோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். படபடப்புக்கு இவையும் காரணமாகலாம். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையிலோ மகளிர் மருத்துவரை அணுகலாம்.

இவ்வளவு கடுமையான வியர்வைக்கு மிக வலுவான மருந்து, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சைதான். 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய் அச்சத்தைக் கிளப்பியதால் பலர் இதை ஒதுக்கினர். ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள் தொடங்கினால், தடையேதும் இல்லாத பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி. உங்களுக்குக் கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும். இல்லையேல் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு இடமாகும். மார்பகப் புற்றுநோய், இரத்தம் உறைதல், கல்லீரல் நோய் ஆகியவை இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் இது ஆகாது. அவர்களுக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற வேறு மருந்துகள் உள்ளன.

ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேயும். மூன்று வேளையும் சோறே உண்பவரானால், ஒரு வேளைக்குக் கேழ்வரகுக் கூழோ களியோ சேருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

தொடர்ந்து 12 மாதம் தூரம் வராதிருந்தால்தான் மாதவிடாய் நின்றதாகக் கொள்ளப்படும். அதன்பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். தேவையானால் உட்சவ்வுப் பரிசோதனையும் செய்வார்கள். கர்ப்பப்பையை எடுப்பதா என்ற கேள்வி அந்த முடிவைக் கண்ட பிறகு எழலாம். வியர்வைக்காக எழ வேண்டியதில்லை.