நீர் எடுத்தாலும் மறுபடி கோர்க்கிறது, ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். இப்போது வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருக்கிறது. அதில் புற்றணுக்கள் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரண்டு முறை ஊசி வழியாக நீர் எடுத்தார்கள். எடுத்ததும் நன்றாக மூச்சு விடுகிறார், சில வாரத்தில் மறுபடி திணறல். சிறு துளை போட்டு பவுடர் தூவும் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். இந்த நிலையில் அது தேவையா? அம்மா தாங்குவாரா?

பதில்: "எடுத்ததும் நன்றாக மூச்சு விடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியமான தகவல். நீரை எடுத்தும் திணறல் குறையாதவருக்கு இந்த ஆபரேஷன் எதையும் மாற்றாது. உங்கள் அம்மாவுக்குத் திணறல் நீரால்தான் வருகிறது. அதனால் ஊசி ஊசியாகப் போட்டுக்கொண்டிருக்காமல் நிலையான வழி தேடுவது சரியான யோசனைதான். ஆனால் இது புற்றுநோயை அகற்றும் ஆபரேஷன் இல்லை, அவர் சிரமமில்லாமல் மூச்சு விடுவதற்காகச் செய்வது. குடும்பத்தில் எல்லோரும் இதைப் புரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே இயல்பாக 10 முதல் 20 மில்லி நீர்தான் இருக்கும். புற்றணுக்கள் சவ்வில் படிந்தால் நீர் அதிகமாகச் சுரக்கிறது, வடிந்துபோகும் வழியும் அடைபடுகிறது. அதனால் லிட்டர் கணக்கில் சேர்கிறது.

டாக்டர் சொன்ன ஆபரேஷனில் முழு மயக்கம் கொடுத்து, விலா எலும்புகளுக்கு இடையில் ஒன்று முதல் மூன்று சிறு துளைகள் போடுவார்கள். கேமராவில் பார்த்தபடி நீரை முழுக்க உறிஞ்சிவிட்டு, தேவைப்பட்டால் சவ்விலிருந்து சதைத்துணுக்கு எடுத்து, நாலைந்து கிராம் டால்க் பவுடரை உள்ளே தூவுவார்கள். முகத்துக்குப் பூசும் பவுடர் இல்லை. இதற்கென்றே துகளின் அளவு பார்த்து, கிருமி நீக்கித் தயாரித்தது. அது சவ்வுகளைப் புண்படுத்தி ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஒட்டிவிட்டால் நீர் சேர இடம் இருக்காது. சில நாட்கள் நெஞ்சில் டியூபும் பாட்டிலும் இருக்கும். முதல் ஓரிரு நாள் காய்ச்சலும் வலியும் வரலாம். பவுடர் வேலை செய்யும்போது இது எதிர்பார்ப்பதுதான், வலிமாத்திரை கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் சவ்வுகள் ஒட்ட வேண்டுமானால் நுரையீரல் முழுதாக விரிந்து நெஞ்சுச் சுவரைத் தொட வேண்டும். நீர் எடுத்தபின் எடுத்த எக்ஸ்ரேயில் விரிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். நுரையீரலின் மேல் தடித்த தோல் போலப் படிந்து அதை விரியவிடாமல் பிடித்திருந்தால் பவுடர் பெரும்பாலும் பலிக்காது. அவர்களுக்கு, தோலுக்கு அடியில் செலுத்தி வெளியே விடும் மெல்லிய சிலிகான் குழாய் நல்ல வழி. அதைப் பொருத்தியவர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம், வீட்டிலேயே நீரை வடித்துக்கொள்ளலாம். நுரையீரல் விரிகிறவர்களுக்கும் இதைப் போடலாம். திணறலைக் குறைப்பதில் பவுடருக்கு இது சளைத்ததில்லை. கிருமித் தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பாட்டில் செலவு தொடரும். சுத்தமாகச் செய்ய வீட்டில் ஒருவர் இருந்தால்தான் இதை நான் பரிந்துரைப்பேன்.

இன்னொன்று. பவுடரைக் கேமராவோடுதான் தூவ வேண்டும் என்றில்லை. உப்புநீரில் கலந்து சாதாரண டியூப் வழியாகவும் செலுத்தலாம். பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 330 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் தோல்வி கேமரா முறையில் 22 சதவீதம், டியூப் முறையில் 24. பெரிய வித்தியாசமில்லை. அதனால் "கேமரா முறையே ஏன்?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். நல்ல காரணம் இருக்கலாம். மார்பகப் புற்றுநோய் திரும்பும்போது அதன் ஹார்மோன் தன்மை சிலருக்கு மாறியிருக்கும். புதிதாகச் சதைத்துணுக்கு கிடைத்தால் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க முடியும். நீர் அறை அறையாகப் பிரிந்திருந்தாலும் கேமரா உதவும். இந்தக் காரணங்கள் எதுவும் இல்லையென்றால், எளிய வழியே போதும் என்பது என் கருத்து.

தாங்குவாரா என்றால், வயதைவிட அவருடைய தெம்புதான் முக்கியம். தானே நடந்து, குளித்து, ஓரளவு சாப்பிடுகிறார் என்றால் பயப்பட வேண்டாம். முழு மயக்கம் இதயத்துக்கு ஆகாது என்றால், மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்கமும் கொடுத்து ஒரே துளையில் கேமரா விட்டுச் செய்யும் தோராகோஸ்கோபி இருக்கிறது. நாளின் பெரும்பகுதி படுக்கையிலேயே இருக்கிறார் என்றால் ஆபரேஷன் வேண்டாம். திணறும்போது நீர் எடுப்பதோ மெல்லிய குழாயோ போதும். ஊசியில் எடுத்தால் ஒரு தடவைக்குப் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோர்த்துவிடலாம்.

ஹார்மோன் மாத்திரையாலோ கீமோவாலோ நீர் வற்றுவதும் உண்டு. ஆனால் அதற்கு வாரங்கள் ஆகும், அதுவரை அம்மா திணறிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. புற்றுநோய் டாக்டரும் நெஞ்சக டாக்டரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு அல்லது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே தெரிவியுங்கள். வீடு திரும்பியபின் திடீரெனத் திணறல் வந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, துளை போட்ட இடம் சிவந்து சீழ் வைத்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.