பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எதைக் கழற்றலாம், எதை விட்டுவைக்க வேண்டும்? மலைநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மலைநாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலர், தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மழையிலும் பனிமூட்டத்திலும் வீதியில் ஓட வேண்டிய கார்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஹட்டன் வாசகர்: என்னிடம் 1965 ஆம் ஆண்டு எம்.ஜி.பி. திறந்த கார் இருக்கிறது. எடை குறைப்பை எங்கிருந்து தொடங்குவது?

தராசிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது ஏறத்தாழ 920 கிலோ இருந்தது. இத்தனை வருடம் பல கைகள் மாறிய பிறகு இன்று எவ்வளவு இருக்கும் என்பதை யாராலும் ஊகித்துச் சொல்ல முடியாது. லொறி நிறுக்கும் தராசில் முதலில் முன்சில்லுகளை மட்டும் ஏற்றியும், பிறகு பின்சில்லுகளை மட்டும் ஏற்றியும், கடைசியில் முழுக் காரையும் ஏற்றியும் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக நிறுக்க, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தொங்குதராசு போன்ற ஒன்று போதும். இப்படி எழுதி வைக்காதவர்கள் பாரமான பொருளை விட்டுவிட்டு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் பொருளைக் கழற்றிவிடுகிறார்கள்.

முதலில் போக வேண்டியவை காரோடு பிறக்காத பொருட்கள்: ஒலிபெருக்கிப் பெட்டிகள், அம்ப்ளிஃபயர், இழுவைக் கொக்கி, மேலதிக விளக்குகளுக்கான இரும்புச் சட்டம், வேலை செய்யாத அலாரமும் அதன் வயர்க் கட்டும். அடுத்ததாகக் கம்பளத்தைத் தூக்கி, அதன் கீழே இருக்கும் மெத்தை விரிப்பைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து பல வாரங்கள் ஆன பிறகும் அதிலிருந்து நீர் கசியும். தூக்கினால் அடியில் துருப்பொடி ஒட்டிக்கொண்டு வரும். அந்த விரிப்பு நீரைச் சுமந்துகொண்டு தரைத் தகட்டையும் தின்கிறது என்பதால், அதை எடுப்பது எடைக்கு மட்டுமன்றிக் காரின் ஆயுளுக்கும் நல்லது. தகட்டோடு ஒட்டியிருக்கும் தார்ப்படலத்தை, துரு இல்லாத இடங்களில் அப்படியே விட்டுவிடுங்கள். அதைச் சுரண்ட ஒரு நாள் முழுவதும் போய்விடும். கிடைப்பதோ சில கிலோதான்.

நுவரெலியா வாசகர்: கொழும்பில் நன்றாக ஓடிய என் எம்.ஜி.பி. இங்கே மூச்சு வாங்குகிறது. 50 கிலோ குறைத்தால் பழைய வேகம் திரும்புமா?

முழுமையாகத் திரும்பாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், டர்போ இல்லாத எந்த இயந்திரமும் தன் வலுவில் சுமார் ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். உங்கள் 1,798 கன சென்ரிமீற்றர் இயந்திரம் புதிதாக இருந்தபோது தந்த 95 குதிரைவலு, அந்த உயரத்தில் 80 இற்கும் சற்றுக் கீழே நிற்கும். ஓட்டுநரோடு சேர்த்து ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ என்பது இருபதில் ஒரு பங்கு. அதைக் குறைப்பது, மேட்டில் ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும், இயந்திரத்துக்கு நான்கு குதிரைவலு கூட்டியதற்குச் சமம். அது உணரக்கூடிய வேறுபாடுதான். ஆனால் இழந்தது அதைவிடப் பல மடங்கு.

ஆகவே பாகங்களைக் கழற்றத் தொடங்குவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பெற்றோலைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் எஸ்.யு. காபரேட்டர்கள், கொழும்பில் சரிசெய்யப்பட்டவை என்றால், மலையில் பெற்றோலைத் தேவைக்கு அதிகமாகக் கொடுக்கும். பிளக் நுனிகள் கரி படிந்து கறுத்திருக்கும். நீங்கள் நிரந்தரமாக மேலே வசிப்பவர் என்றால், கலவையை அந்த உயரத்துக்கு ஏற்பச் சற்று மெலிதாக்கி, தேவைப்பட்டால் காபரேட்டரில் பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியையும் மாற்றச் சொல்லுங்கள். இதற்காக எதையும் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஆனால் அதே காருடன் கொழும்புக்கு இறங்கினால், மீண்டும் சரிசெய்யாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்ட வேண்டாம். மெலிந்த கலவை இயந்திரத்தைச் சூடாக்கும்.

கண்டி வாசகர்: ஹீட்டரை நான் பயன்படுத்துவதே இல்லை. கழற்றிவிடலாம்தானே?

கண்டிக்குள் மட்டும் ஓடும் காரென்றால் கழற்றலாம். அறுபதுகளில் இங்கிலாந்தில் எம்.ஜி.பி. வாங்கியவர்களே ஹீட்டருக்கு மேலதிகமாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே அது இல்லாத கார் அசல் தன்மையை இழந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் வார இறுதிகளில் இறம்பொடை வழியாக மேலே போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மாலை மழையில், இரண்டு பேர் மூச்சுவிடும் சிறிய கூண்டுக்குள், முன்கண்ணாடி உட்புறமாக மூடிக்கொள்ளும். முடக்குகளில் ஒரு கையால் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், பஸ்ஸின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது வெப்பமானி முள் உயர்ந்தால், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவது இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்தது போல உதவும். என் தீர்ப்பு: இருக்கட்டும்.

அப்படியும் கழற்றுவதென்றால் வேலையை முழுதாகச் செய்யுங்கள். சிலிண்டர் தலையின் பின்புறத்தில் இருக்கும் நீர்த் திறப்பைத் தகடும் கேஸ்கற்றும் வைத்து மூட வேண்டும். ரேடியேட்டரின் கீழ்க் குழாயோடு சேரும் திரும்பு குழாயின் வாயையும் அடைக்க வேண்டும். இயந்திர அறைக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டில் மிஞ்சும் துளைகளை மூடாவிட்டால் பெற்றோல் வாடையும் புகையும் உள்ளே வரும்.

பண்டாரவளை வாசகர்: 1968 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் டிக்கியிலிருந்து ஸ்பெயார் சில்லையும் ஜாக்கியையும் எடுத்துவிட்டேன். கார் இலேசாகிவிட்டது, ஆனால் இறக்கத்தில் வளைவுகளில் பின்புறம் அச்சமூட்டுகிறது. காரணம் என்ன?

உங்கள் அச்சம் நியாயமானது. 1970 இற்கு முந்திய ஸ்பிட்ஃபயர்களில், பின்சில்லுகளைத் தாங்கும் அச்சுத் தண்டுகள் ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடும் அமைப்பு உள்ளது. பின்புறத்தில் பாரம் குறைந்தால் ஸ்பிரிங் நிமிர்ந்து காரின் பின்பகுதி உயரும். அப்போது பின்சில்லுகளின் அடிப்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, டயர் தன் முழு அகலத்தாலும் தரையைப் பிடிக்காது. இறக்கத்தில் வளைவுக்குள் நுழைந்த பிறகு திடீரென அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னுக்குப் போய் பின்பகுதி இன்னும் உயரும். வெளிப்புறச் சில்லு உள்ளே மடிந்து கார் சுழன்றுவிடும். பண்டாரவளையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்குகிறவருக்கு இது ஏட்டு அறிவு அல்ல.

சில்லைத் திரும்ப வையுங்கள். அல்லது பின் ஸ்பிரிங்கைப் புதிய எடைக்கு ஏற்றவாறு தாழ்த்தி, சில்லுகளின் சாய்வை அளந்து சரிசெய்யுங்கள். கம்பிச் சில்லுகள் போட்டிருந்தால் ஸ்பெயார் சில்லை விடுவதற்கு வேறொரு தடையும் உண்டு: அவற்றின் டயர்களுக்குள் ரியூப் இருக்கும், டயருக்குள் பசை பீய்ச்சி ஓட்டையை அடைக்கும் போத்தல்கள் அங்கே நம்பத்தக்கவை அல்ல.

தலவாக்கலை வாசகர்: 1976 எம்.ஜி.பி.யின் கறுப்பு ரப்பர் பம்பர்களைக் கழற்றி குரோம் பம்பர் போடலாமா?

அமெரிக்காவின் மோதல் பாதுகாப்பு விதிகளுக்காக 1974 இன் பிற்பகுதியில் அவை வந்தன. ரப்பருக்குள் கனமான இரும்புச் சட்டம் இருக்கிறது. காரின் இரு நுனிகளிலும் இருக்கும் பாரம் திரும்புவதைத் தாமதப்படுத்தும் என்பதால், அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு அதிகம். ஆனால் பம்பரை மட்டும் கழற்றினால் அசிங்கமான வெற்றிடம் மிஞ்சும். குரோம் பம்பருக்கு மாற உடல் தகடுகளை வெட்டி ஒட்ட வேண்டும். அதே காலத்தில் காரின் உயரத்தையும் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டினார்கள். வளைவில் அது ஆடுவதற்கு முக்கிய காரணம் அந்த உயரம்தான். தோட்டப் பாதைகளில் போகாதவர் என்றால் பணத்தை முதலில் அந்த உயரத்தைக் குறைப்பதில் செலவிடுங்கள்.

வெலிமடை வாசகர்: 1960 ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டுக்கு லித்தியம் பற்றரி போட்டால் பத்துக் கிலோ குறையும் என்கிறார்கள். உண்மையா?

எடைக் கணக்கு உண்மைதான். ஆனால் உங்கள் காரில் பற்றரிக்கு மின்னேற்றும் டைனமோவும், அதன் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் காலத்துப் பொறிமுறை ரெகுலேற்றரும் இருக்கின்றன. பற்றரியின் நேர் முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். லித்தியம் பற்றரிகள் சீரான, கட்டுப்பட்ட மின்னழுத்தத்தை எதிர்பார்ப்பவை. பழைய ரெகுலேற்றர் அதை உறுதிப்படுத்தாது. எதிர் முனையை உடலோடு இணைக்கும் முறைக்கும், டைனமோவுக்குப் பதிலாக வரும் ஓல்டர்னேற்றருக்கும் ஏற்கெனவே மாறியிருந்தால் யோசிக்கலாம். இதற்காகவே மாற்றுவது பத்துக் கிலோவுக்குக் கொடுக்கும் பெரிய விலை.

மாத்தளை வாசகர்: கதவுச் சட்டங்களிலும் சேஸியிலும் துளை போட்டு எடை குறைப்பதைப் படங்களில் பார்த்தேன்.

செய்யாதீர்கள். வாகனம் தயாரித்தவர்கள் கணக்கிட்டுத் துளையிட்டது வேறு, நாம் டிரில் பிடிப்பது வேறு. ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் வெடிப்பும் துருவும் தொடங்கும். கிடைக்கும் எடை சில நூறு கிராம். கழற்றிய பாகத்தைத் திரும்பப் பூட்டலாம், துளையை மூட முடியாது.

அப்புத்தளை வாசகர்: என்னிடம் அப்படியொரு கார் இல்லை, ஆனால் 1973 போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். பற்றி வாசித்தேன். அவர்கள் எப்படி அவ்வளவு எடை குறைத்தார்கள்?

இந்தப் பேச்சுக்கே அது நல்ல பாடம். இலேசான வகை 960 கிலோ. வசதிகளோடு வந்த வகை 1,075 கிலோ. இரண்டிலும் ஒரே 210 குதிரைவலு இயந்திரம்தான். அந்த 115 கிலோ வித்தியாசம் ஒரு பெரிய பொருளிலிருந்து வரவில்லை. பின் இருக்கைகள், கடிகாரம், கையுறைப் பெட்டியின் மூடி, பயணியின் வெயில் மறைப்பு, ஒலி தடுக்கும் விரிப்பு ஆகியவை போயின. கதவைத் திறக்கும் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு வார் வந்தது. கண்ணாடியும் சில தகடுகளும் மெல்லியவையாக இருந்தன. ஆனால் பிரேக், ஸ்பிரிங், அகலமான பின்சில்லுகள் ஆகியவற்றில் அவர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. நம்மவர்கள் அந்தப் பட்டியலின் முதற்பாதியை மட்டும் பின்பற்றுகிறார்கள்.

கம்பளை வாசகர்: எடை குறைத்தால் பெற்றோல் மிச்சமாகுமா?

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,370 மீற்றர். 50 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க இயந்திரம் எரிக்கும் பெற்றோல் ஒரு லீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்துக்காகச் செய்வதென்றால் செய்ய வேண்டாம்.

பதுளை வாசகர்: பிரேக் சேவோவையும் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) கழற்றலாம் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார்.

அது இல்லாமலும் பிரேக் பிடிக்கும். ஆனால் மிதிக்க இரு மடங்கு பலம் வேண்டியிருக்கும். நீண்ட இறக்கத்தின் கடைசிப் பகுதியில் கால் களைத்திருக்கும்போதுதான் அதன் மதிப்புத் தெரியும். ஆயிரம் கிலோ காரொன்று மேலே சொன்ன உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 13 மெகாஜூல் சக்தியை எங்கேயாவது வெப்பமாக விட்டாக வேண்டும். அதில் பெரும் பகுதியைக் கியரால் இயந்திரத்திடம் ஒப்படையுங்கள். மிச்சத்தை பிரேக் தாங்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்ச கொதிநிலை 230 பாகை செல்சியஸ். நீர் ஏறிய பிறகு 155 ஆகக் குறைந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் அது விரைவில் நடக்கும். ஆகவே சேவோவைத் தொடாமல் எண்ணெயை மாற்றுங்கள். ஹோர்ன், வைப்பர், கைப்பிரேக், இருக்கைப் பட்டி, எஞ்சின் விசிறி ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

நானுஓயா வாசகர்: ஏப்ரலில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கு மட்டும் எடையைக் குறைக்க விரும்புகிறேன். எவற்றைக் கழற்றலாம்?

அமைப்பாளர்களின் விதிகளை முதலில் வாசியுங்கள். உங்கள் பிரிவில் எதைக் கழற்ற அனுமதி உண்டு என்பதை அவையே தீர்மானிக்கும். அதன் பிறகு பெற்றோல் தாங்கியைப் பாருங்கள். ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோவுக்குச் சற்றே குறைவு. 30 லீற்றரைக் குறைத்தால் ஒரு ஸ்பானரையும் தொடாமல் 22 கிலோ போய்விடும். வளைவுகளில் பம்ப் காற்றை இழுக்காத அளவு மட்டும் விட்டுவையுங்கள். பயணி இருக்கை, கூரைத் துணியும் அதன் சட்டமும், ஸ்பெயார் சில்லு, கருவிப் பை ஆகியவை ஒரு மணி நேர வேலை. ஆனால் பின்சில்லுகளால் இழுக்கும் கார் என்றால், ஈரமான தொடக்கக் கோட்டில் பின்பாரம் உதவும். மழை பெய்தால் ஸ்பெயார் சில்லை விட்டுவைப்பதே வேகம் தரக்கூடும். சில்லுகளை இலேசான அலோய் சில்லுகளாக மாற்றுவது இவற்றைவிடச் சிறந்த முதலீடு. சுழலும் பாரத்தை முன்னோக்கித் தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டியிருப்பதால், அங்கே குறையும் ஒரு கிலோ உட்புறத்தில் குறையும் ஒரு கிலோவைவிட அதிகம் வேலை செய்யும்.

பல வாசகர்கள்: கழற்றிய அசல் பாகங்களை விற்றுவிடலாமா?

வேண்டாம். இவற்றை இங்கே திரும்பத் தேடிப் பிடிப்பது கடினம்; காரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான். குரோமுக்கு மெழுகும் இரும்புக்கு எண்ணெயும் பூசி, ஒவ்வொன்றிலும் எங்கே பூட்டப்பட்டிருந்தது என்று எழுதிய சீட்டைக் கட்டி, அதற்குரிய போல்ற்றுகளை அதே பையில் போட்டு வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிச் சுற்ற வேண்டாம். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே போகாது. துணியால் சுற்றி, தரையிலிருந்து உயர்த்திய பலகையில், அடுப்படிக்குப் பக்கத்து அறையில் வைத்தால் போதும். காப்புறுதி நிறுவனத்துக்கு, எதைக் கழற்றியிருக்கிறீர்கள் என்பதை எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றைக் காரின் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.