பூங்குழலியை எழுத யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பொன்னியின் செல்வனில் வரும் பூங்குழலி தன் கதையைத் தானே சொல்வதுபோல ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். புத்தகம் அச்சிட்டுத் தரும் நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர், "கல்கியின் எழுத்து நாட்டுடைமை. அரசிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், பாத்திரத்தை உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும், 38,000 ரூபாய் ஆகும்" என்கிறார். அடுத்து சுஜாதாவின் கணேஷ், வசந்தை வைத்து ஒரு துப்பறியும் கதை எழுதவும் ஆசை. என்ன செய்யலாம்?
வாசகி, வேதாரண்யம்

பதில்: அம்மா, அந்த 38,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

கல்கி மறைந்தது 1954 டிசம்பர் 5. நம் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். அந்தக் கணக்கு 2014 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே அரசு நாட்டுடைமை ஆக்காமலே இருந்திருந்தாலும் இன்று பூங்குழலி எல்லோருக்கும் பொது.

குழப்பத்துக்குக் காரணம் அந்த 'நாட்டுடைமை' என்ற சொல்தான். வங்கியை நாட்டுடைமை ஆக்கினால் சாவி அரசின் கைக்குப் போகிறது. எழுத்தை நாட்டுடைமை ஆக்கினால் அது ஊர்ப் பொதுக்கிணறு; வாரிசுகளுக்கு அரசு பரிவுத்தொகை கொடுத்துவிடுகிறது, அதன்பின் யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம். அறிவிப்பு வரும் நாளில் மேடை உண்டு, பொன்னாடை உண்டு, காசோலை உண்டு. "இனி யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்" என்று எளிய தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு நூலகங்களில் ஒட்ட மட்டும் யாருக்கும் நேரமில்லை. அந்த ஒரு பக்கம் இல்லாத இடத்தில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள்.

'பாத்திரப் பதிவு' இன்னும் பெரிய மோசடி. பதிப்புரிமைப் பதிவேட்டில் அப்படி ஒரு வகையே கிடையாது. பதிவாவது படைப்புதான், அதுவும் கட்டாயமில்லை. நீங்கள் எழுதிய கணத்திலேயே நாவலின் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. ஆசைப்பட்டால் நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஒருமுறை ஒரு பெரியவர் தங்கக் கரை போட்டு, சிவப்பு முத்திரை குத்திய 'சான்றிதழ்' ஒன்றைக் கண்ணாடிச் சட்டகம் போட்டே என்னிடம் கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் ஒரு டயரி எண். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளமான எண், அவ்வளவுதான். அதற்கு அவர் கொடுத்தது 12,000 ரூபாய்.

உங்களிடம் வந்த அதே ஆள் ஒப்பந்தப் படிவமும் நீட்டுவார். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் உங்களைக் காக்கிறது. இது தெரிந்துதான் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்ற சொற்களை ஏதாவது ஒரு பத்தியின் நடுவில் செருகி வைத்திருப்பார்கள். காசும் கொடுத்து நாவலையும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அந்தச் சொற்களை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்கி எழுதியது பொதுவே தவிர, அதன்மேல் பிறர் ஏற்றியது பொது அல்ல. 2022, 2023-இல் வந்த திரைப்படங்களின் வசனம், அவர்கள் புதிதாகச் சேர்த்த காட்சி, பிற்காலப் பதிப்புகளின் முன்னுரை, ஓவியம் ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமை உண்டு. எழுதும்போது மனத்தில் ஓடியது நாவலா, படமா என்று ஒருமுறை சரிபாருங்கள். ஆசிரியரின் மதிப்புக்குக் களங்கம் வராமல் காக்கும் பிரிவு ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. கல்கியே எழுதியதுபோல விற்காத வரை அது பெரும்பாலும் உங்களுக்குத் தலைவலி தராது.

கணேஷ், வசந்த் கதை வேறு. சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. கணக்கு 2068 முடியும்வரை ஓடும். பெயரை மாற்றினால் தப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். நாகராஜ் என்ற காமிக்ஸ் நாயகனை நாகேஷ் ஆக்கி வெளியிட்டவர்களை டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்திருக்கிறது. மூத்த வக்கீல், துடுக்கான ஜூனியர் என்ற அமைப்பு யாருடைய சொத்தும் அல்ல. கருத்துக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சும் அந்தக் குறும்பும் அப்படியே வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கேரளத்தில் தோப்பில் பாசியின் 1952 நாடகம் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' பெரும் புகழ் பெற்றது. 1990-களில் சிவிக் சந்திரன் அதே பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்து ஓர் எதிர்நாடகம் எழுதினார். கம்யூனிஸ்டாக மாறிய ஏழைகளுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பது அதன் கேள்வி. பாசியின் குடும்பம் வழக்குப் போட்டது. எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூல நாடகத்துக்குப் போட்டியாகிறதா என்ற மூன்றையும் கேரள உயர் நீதிமன்றம் எடைபோட்டது. எடுத்தது நிறைய; ஆனால் அது அந்த நாடகத்தின் மேலேயே வைத்த விமர்சனம், சட்டம் அனுமதிக்கும் நியாயமான கையாளல் என்று 1996-இல் சொன்னது.

இதை நம்பி இறங்காதீர்கள். கணேஷும் வசந்தும் நாகப்பட்டினத்தில் ஒரு கொலையைத் துப்பறிந்தால் அது விமர்சனம் ஆகாது. இன்னொரு கணேஷ் வசந்த் கதை, அவ்வளவுதான். பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கும் கிண்டல்களை எல்லாம் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்த அலுவலகப் பெண் ஒருத்தி, பல ஆண்டுகள் கழித்து வாய் திறந்தால், அப்போது உங்களுக்கு வாதம் இருக்கிறது. வாதம்தான் இருக்கிறது, அம்மா. அதை நிரூபிக்க நீதிமன்றப் படிகளில் எத்தனை வாய்தா ஏற வேண்டும் என்பதை நான் சொல்ல விரும்பவில்லை. உரிமை வைத்திருப்பவர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். பதில் வரும்வரை பூங்குழலியைக் கரை சேர்த்துவிடுங்கள்.

முதல் பக்கத்தில் கல்கிக்கு ஒரு நன்றி வரி போடுங்கள். சட்டம் கேட்கவில்லை, வாசகர் எதிர்பார்ப்பார். அட்டைக்குப் பழைய தொடர்கதை ஓவியத்தை எடுக்காதீர்கள். உங்கள் ஊரிலிருந்து கோடிக்கரை பக்கம்தான். விடியற்காலையில் போய்க் கரையில் கிடக்கும் ஒரு படகை நீங்களே படம் பிடித்து வந்தால், அதன் உரிமையும் உங்களுடையதுதான்.