“யாராலும் கண்டுபிடிக்க முடியாது” என்று சொல்லி விற்கும் குறி பார்க்கும் கருவி

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கன்சோலில் ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான். “எதிரில் ஆடுறவங்க எல்லாரும் சீட்டிங் பண்றாங்கம்மா, எனக்கும் வாங்கிக் குடுங்க” என்று நச்சரிக்கிறான். கண்ட்ரோலருக்கும் கன்சோலுக்கும் நடுவே செருகும் கருவியாம். முகநூல் சந்தையில் ஒருவர் 2,000 ரேண்டுக்குத் தருகிறார், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறார். வாங்கலாமா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வாங்காதீர்கள், அம்மா.

கட்டைவிரலால் குறி வைப்பது மவுஸ் அளவுக்குத் துல்லியமாக வராது. அதனால் பல விளையாட்டுகளிலேயே ‘எய்ம் அசிஸ்ட்’ இருக்கிறது. எதிரி அருகே வந்ததும் குறியின் வேகம் சற்றுக் குறையும், கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நகரும். அது சீட்டிங் அல்ல, காசும் வேண்டாம். விற்பவர் சொல்லும் வகைக் கருவி, மவுஸைக் கண்ட்ரோலர் என்று கன்சோலை நம்பவைக்கும். அல்லது சுடும்போது துப்பாக்கி எகிறுவதைத் தானே அடக்கும். 2023-இலேயே யூபிசாஃப்ட் தன் ரெயின்போ சிக்ஸ் சீஜ் விளையாட்டில் இப்படி மவுஸை மறைப்பவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் கை அசைவு தாமதமாகப் பதியும்படி செய்துவிட்டது. மகனின் விளையாட்டுக் கணக்கு தடையானால் அதில் காசு போட்டு வாங்கியதெல்லாம் போயிற்று.

கணினியில் ஓடும் ‘எய்ம்பாட்’ இன்னும் மோசம். எல்லா ஆட்டக்காரர்களும் நிற்கும் இடத்தை விளையாட்டின் நினைவகத்திலிருந்து படித்து, குறியைத் தலைக்குத் திருப்பிவிடும். அதை நிறுவ ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதே கணினியில் நீங்கள் வங்கிக் கணக்கு பார்ப்பவராக இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

எதிரி நிஜமாகவே ஏமாற்றுகிறானா? ஒரு ஹெட்ஷாட்டை வைத்துச் சொல்ல முடியாது. இறந்தபின், சுட்டவன் பார்வையில் அந்தக் காட்சியை மறுபடி காட்டும் ‘கில்கேம்’மைப் பல சுற்றுகள் பார்க்கச் சொல்லுங்கள். மனிதக் கை இலக்கைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பும். பாட் நேராகப் போய் அங்கேயே நிற்கும். ஒருவன் விழுந்த கணமே அடுத்தவன் தலைக்குத் தாவும், ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில். சுவருக்குப் பின்னால் நடப்பவனையே குறி தொடர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. அப்போது விளையாட்டிலேயே புகார் கொடுக்கலாம்.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் படும் பாடு பெரும்பாலும் வேறு. ஆட்டம் ஐரோப்பிய சர்வரில் நடந்தால், இங்கிருந்து பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 150 மில்லிவினாடிக்கு மேல் போகும். உங்கள் மகன் திரையில் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பான்; சர்வர் கணக்கில் இன்னும் வெளியே நிற்பான். சுவரைத் துளைத்துச் சுட்டமாதிரி தெரியும், ஏமாற்று எதுவும் இருக்காது. ஜோகன்னஸ்பர்க் சர்வர் உள்ள விளையாட்டு என்றால் அதைத் தேர்ந்து ஒரு வாரம் ஆடட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுபெற்ற கடையில் வாங்கிய பொருள் பழுதானால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் வரை பழுதுநீக்கமோ மாற்றுப் பொருளோ பணமோ கேட்கலாம். தன் சொந்தப் பொருளை விற்கும் தனியாளிடம் அந்த உரிமை செல்லாது. பணம் அனுப்பியபின் அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம்தான்.

வைஃபையில் ஆடுகிறான் என்றால், தாமதத்தைக் குறைக்க ரவுட்டரிலிருந்து கன்சோல் வரை ஒரு நெட்வொர்க் கேபிள் வாங்கிக் கொடுங்கள்.